கொலையாளியின் உளச்சித்திரம் வரைந்து ஆளைப் பிடித்தார்களா?

2 பிப்ரவரி, மாலை

வாசகர் ஒருவர் கேட்டது: "1956இல் நியூயார்க்கில் ஒரு மனநல மருத்துவர், குண்டு வைத்துக்கொண்டிருந்தவனை நேரில் பார்க்காமலே, நீங்கள் பிடிக்கும்போது கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருப்பான் என்று சொன்னாராம். அப்படியே நடந்ததாம். இந்தக் கலை நம் போலீசாருக்குத் தெரிந்திருந்தால் தொடர் கொலையாளிகள் ஒரே வாரத்தில் சிக்குவார்கள். மறுப்பவர் உண்டா?"

குற்றத்தின் தடயங்களை வைத்து, ஆளின் மனத்தையும் குணத்தையும் ஊகித்து வரைவதை உளச்சித்திரம் என்கிறோம். அது ஆளைப் பிடித்துக் கொடுக்கும் என்பதை நான் மறுக்கிறேன். அந்தக் கதையில் ஆளைக் கண்டுபிடித்தவரின் பெயரே விடுபட்டுப் போகிறது. அவர் பெயர் ஆலிஸ் கெல்லி. கான் எடிசன் மின் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர்.

குண்டு வைத்த ஜார்ஜ் மெட்டெஸ்கி அந்த நிறுவனத்தின் குழுமத்தில் வேலை பார்த்தபோது 1931இல் கொதிகலன் விபத்தில் சிக்கியவன். இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தான். காலம் கடந்துவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். 1940 முதல் 16 ஆண்டுகள், நடுவே 1941 முதல் 1951 வரை நிறுத்திவைத்து, 33 குண்டுகள் வைத்தான். 22 வெடித்தன. 15 பேர் காயமடைந்தார்கள். யாரும் இறக்கவில்லை. ஆகவே அவன் தொடர் கொலையாளியும் அல்ல.

1957 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. தகராறு செய்தவர்கள், மிரட்டியவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய இழப்பீட்டுக் கோப்புகளின் கடைசித் தொகுதியைக் கெல்லி புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோப்பில் 'அநீதி', 'நிரந்தர ஊனம்' என்ற சொற்கள் கண்ணில் பட்டன. குண்டு வைத்தவன் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் இதே சொற்கள் அச்சாகியிருந்தன. மூன்றாம் நாள் இரவு மெட்டெஸ்கியின் வீட்டுக்கதவைப் போலீசார் தட்டியபோது அவன் இரவு உடையில் இருந்தான். உடை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். கோட்டணிந்து, பொத்தான் போட்டு வந்தான். அந்தக் காலத்தில் இரண்டு வரிசைப் பொத்தான் வைத்த அந்த வகைக் கோட்டை எல்லோருமே பொத்தான் போட்டுத்தான் அணிந்தார்கள்.

வாசகர் குறிப்பிட்ட மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸ்ஸல் சொன்னவற்றில் பலித்தவை இருக்கின்றன. வயது ஏறத்தாழப் பொருந்தியது, நிறுவனத்தின்மேல் பழைய வன்மம் என்பதும் சரி. முகத்தில் தழும்பு இருக்கும், ஜெர்மனியில் பிறந்து படித்தவன் என்பவை பலிக்கவில்லை. பலிக்காதவற்றை யாரும் திருப்பிச் சொல்வதில்லை.

2 பிப்ரவரி, இரவு

"ஒரு எழுத்தருக்காக ஏன் இவ்வளவு வரிந்துகட்டுகிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு நீதிமன்றத்தின் பதிவறையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள். காகிதம் எப்படித் தொலைகிறது, தொலைந்தது எங்கே கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்த தொழில்.

4 பிப்ரவரி

மெட்டெஸ்கி கதையை விடுங்கள். உளச்சித்திரம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வழக்கு. பீட்டர் சட்க்ளிஃப், பிராட்ஃபோர்ட் நகரத்து லாரி ஓட்டுநர். 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். தப்பிப் பிழைத்தவர்கள் தனி. பிடிபடுவதற்கு முன் ஒன்பது முறை போலீசார் அவனை விசாரித்திருக்கிறார்கள். வீட்டுக்கே போய், உட்கார்ந்து, பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் கொல்லப்பட்டவர்களில் சிலர் பாலியல் தொழிலாளிகள். அதை வைத்து, இவன் அந்தப் பெண்களை வெறுப்பவன் என்று ஒரு சித்திரம் போலீசாரின் மனத்தில் பதிந்துவிட்டது. மருத்துவர் எவரும் வரைந்து கொடுத்த சித்திரம் அல்ல. சித்திரத்துக்குள் அடங்காத பெண்கள் தாக்கப்பட்டபோது, ஆள் தவறி நடந்திருக்கும் என்றார்கள், அல்லது இது வேறு யாரோ என்றார்கள்.

1975 ஆகஸ்டில் சில்ஸ்டன் என்ற சிற்றூரில் 14 வயதுச் சிறுமி வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஒருவன் கூடவே பேசிக்கொண்டு வந்தான். நெடுந்தூரம். பிறகு தலையில் அடித்தான். ஒரு கார் வந்ததால் பிழைத்தாள். அவ்வளவு நேரம் பக்கத்தில் நடந்தவனை அவள் நன்றாகப் பார்த்திருந்தாள், உள்ளூர்ப் பேச்சு என்பதையும் சொன்னாள். அவள் சொல்லக் கேட்டு உருவாக்கிய படத்தைச் சட்க்ளிஃபின் படத்தோடு வைத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஆனால் அவள் பள்ளிச் சிறுமி. சித்திரத்தில் பள்ளிச் சிறுமிக்கு இடமில்லை. அந்த வழக்கு இந்த வரிசையில் சேர்க்கப்படவே இல்லை. அவளைத் தாக்கியதை 1992இல்தான் அவன் ஒப்புக்கொண்டான்.

அந்தப் பெண்களைப் பிரித்துப் பேசிய விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கற்புள்ள பெண்களும் சாகத் தொடங்கிவிட்டார்கள், இனி எல்லோரும் உதவ வேண்டும் என்ற பொருளில் போலீசார் பேசினார்கள். அப்படியானால் முன்பு செத்தவர்கள்? முதலில் கொல்லப்பட்ட வில்மா மெக்கான் நான்கு குழந்தைகளின் தாய். அன்று பயன்படுத்திய மொழிக்காக மேற்கு யார்க்‌ஷயர் போலீஸ் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 45 ஆண்டுகள் ஆயின.

5 பிப்ரவரி

நேற்று எழுதாமல் விட்டது ஒலிநாடா.

1978 மார்ச்சில் இரண்டு கடிதங்கள், மறுமார்ச்சில் ஒன்று, 1979 ஜூனில் ஒரு ஒலிநாடா. இரண்டாம் கடிதம் ஒரு நாளிதழுக்கு வந்தது. மற்றவை விசாரணைத் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டைக் குறிவைத்தவை. நான்தான் கொலையாளி, உன்னால் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று ஒரு குரல். நெல்லைப் பேச்சைக் கோவைக்காரர் இரண்டு வாக்கியத்தில் கண்டுகொள்வது போல, அந்தக் குரல் எந்த ஊர் என்பதைக் கேட்டவர்கள் அறிந்துகொண்டார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸ் இன்னும் நெருங்கிப் போய், வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள சண்டர்லாந்து நகரத்தின் காசில்டவுன் பகுதி என்றார்.

ஊரெங்கும் அந்தக் குரலை ஒலிக்கவிட்டார்கள். வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினாலும் கேட்கலாம். அதைவிடக் கொடுமையானது உள்ளே நடந்தது. வடகிழக்குப் பேச்சு இல்லாதவர்களை விசாரணையிலிருந்து விலக்கிவிடலாம் என்று அறிவுறுத்தல் போனது. சட்க்ளிஃப் பேசியது யார்க்‌ஷயர் பேச்சு.

1979 ஜூலையில் ஆண்ட்ரூ லாப்டூ என்ற இளம் அதிகாரி அவன் வீட்டுக்குப் போனார். பல்லிடை வெளி, தாடி, தப்பியவர்கள் சொன்ன படத்தோடு ஒற்றுமை, அவன் கார் சிவப்பு விளக்குப் பகுதிகளில் பதிவானது, எல்லாவற்றையும் எழுதி, இந்த ஆளை மீண்டும் பார்க்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். குரல் பொருந்தவில்லை, கையெழுத்தும் பொருந்தவில்லை. அறிக்கை கோப்புக்குப் போனது.

அதற்குப் பிறகு பார்பரா லீச், மார்கரீட் வால்ஸ், ஜாக்குலின் ஹில். மூவரின் பெயரையும் எழுதாமல் இந்த வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன்.

குரலுக்குரியவன் ஜான் ஹம்பிள் என்ற சண்டர்லாந்துக்காரன். கடித உறையை ஒட்ட நாவால் நனைத்த எச்சிலிலிருந்து மரபணு எடுத்து 2005இல் பிடித்தார்கள். மறு ஆண்டு 8 ஆண்டுச் சிறை. அவன் யாரையும் கொல்லவில்லை.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

"கம்ப்யூட்டர் இல்லாத காலம், என்ன செய்வார்கள்" என்கிறார் ஒருவர். பாதி ஒப்புக்கொள்கிறேன். விசாரணை நடந்த லீட்ஸ் மில்கார்த் போலீஸ் நிலையத்தில் அட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. காகிதத்தின் எடைக்குத் தளத்தையே வலுப்படுத்த வேண்டியிருந்ததாம். பதியாத தாள்கள் தேங்கின. முன்பு போனவர் என்ன கேட்டார் என்பது அடுத்துப் போகிறவர் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை. இந்த வழக்கு கற்பித்த பாடத்தில்தான் பிரிட்டன் போலீசார் 'ஹோம்ஸ்' என்ற கணினி முறையைக் கொண்டுவந்தார்கள்.

மீதிப் பாதி: வடகிழக்குப் பேச்சு இல்லாதவனை விலக்கு என்ற கட்டளையைக் கணினிக்குக் கொடுத்திருந்தால் அது இன்னும் வேகமாக அவனை விலக்கியிருக்கும்.

8 பிப்ரவரி

மூன்று நாளாக மனம் உறுத்துகிறது. ஒலிநாடாத் தவற்றை உளச்சித்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டேன். அது நியாயமில்லை.

கடிதங்களை நம்பப் போலீசாரிடம் ஒரு காரணம் இருந்தது. 1975இல் பிரெஸ்டன் நகரில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணையும் நானே கொன்றேன் என்று கடிதத்தில் இருந்தது. அங்கே கிடைத்த தடயத்தின் ரத்த வகை பி. கடித உறை எச்சிலும் பி. இரண்டும் பொருந்த, நம்பினார்கள். அந்தப் பிரெஸ்டன் கொலையைச் செய்தது சட்க்ளிஃபும் அல்ல, ஹம்பிளும் அல்ல. மூன்றாவது ஆள். 2011இல் மரபணு சொன்னது. ரத்த வகை பொருந்தியது வெறும் தற்செயல்.

ஒலிநாடா போலியாக இருக்கலாம் என்று எச்சரித்தவர்களில் அந்தக் குரலை ஆராய்ந்த மொழியறிஞர்களே இருந்தார்கள். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் ஜான் டக்ளஸும் அதைக் கேட்டுவிட்டு, இது கொலையாளியின் குரல் அல்ல என்று இங்கிலாந்துப் போலீசாரிடம் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். உளச்சித்திரம் வரைகிறவர்கள் சரியாகச் சொன்னதும் உண்டு.

இதைவிட எனக்குப் பிடித்தது ஸ்டூவர்ட் கைண்ட் செய்த வேலை. தடயவியல் அறிவியலாளர். 1980 டிசம்பரில் வழக்கை மறு ஆய்வு செய்ய வந்த குழுவில் இருந்தார். கொலையாளியின் தாயைப் பற்றியோ குழந்தைப் பருவத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாக்குதல் நடந்த இடங்கள், நடந்த நேரம், இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். மாலையிலேயே தாக்கியிருந்தால் அது வீட்டுக்குத் தொலைவில். ஏனென்றால் அவன் திரும்பிப் போக வேண்டும், வீட்டில் கேள்வி வரும். நள்ளிரவு தாண்டித் தாக்கியிருந்தால் வீடு கிட்டத்தில். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் நடுமையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டார். பிராட்ஃபோர்ட் பக்கம் விழுந்தது. மானிங்ஹாமுக்கும் ஷிப்லிக்கும் இடையே எங்கோ இருக்கிறான் என்றார்.

சட்க்ளிஃபின் வீடு ஹீட்டனில். அந்த இரண்டுக்கும் நடுவில்.

எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. முதல் நாள் நான் எழுதியதை இவ்வளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்: மனத்தைப் படம்பிடிக்கிறேன் என்று கிளம்புவதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. மனிதன் வீடு திரும்ப வேண்டியவன் என்பதிலிருந்து தொடங்குகிற சித்திரத்தை நம்புகிறேன். எந்தத் தாளை முதலில் எடுப்பது என்று அது சொல்கிறது. எந்தத் தாளையும் எரிக்கச் சொல்வதில்லை.

9 பிப்ரவரி

கைண்டின் கணக்கால் பிடித்தார்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் ஒரு காரைச் சோதித்த ரோந்துப் போலீசார், நம்பர் பலகை அந்தக் காருக்கு உரியது அல்ல என்று கண்டார்கள். உள்ளே சட்க்ளிஃபும் ஒரு பெண்ணும். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று இறங்கிப் போனான். மறுநாள் இரவு, பணிக்கு வந்த சார்ஜண்ட் ராபர்ட் ரிங்குக்கு அது உறுத்தியது. அந்த இடத்துக்கே திரும்பிப் போனார். எண்ணெய்த் தொட்டியின் பின்னால் சுத்தியலும் கத்தியும் கிடந்தன. அந்தப் பெண் பிழைத்தார்.

13 பிப்ரவரி

"யார்க்‌ஷயரில் மருத்துவர் வரைந்த சித்திரமே இல்லை, அப்புறம் எதற்கு உளச்சித்திரத்தைக் குறை சொல்கிறீர்கள்" என்று கேட்டவருக்கு. சரியான கேள்வி. நிபுணரே வரைந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

1992 ஜூலை, லண்டன் விம்பிள்டன் திடல். ரேச்சல் நிக்கல் என்ற இளம் தாய், இரண்டு வயது மகன் கண்முன்னே கொல்லப்பட்டார். உளவியலாளர் பால் பிரிட்டன் சித்திரம் வரைந்தார். திடலில் நாயோடு நடக்கும் காலின் ஸ்டாக் என்பவர் அதில் பொருந்துகிறார் என்று போலீசார் முடிவுகட்டினார்கள். பெண் போலீஸ் ஒருவர் வேறு பெயரில் அவரிடம் பழகி, காதலிப்பதாக நம்பவைத்து, மாதக்கணக்கில் கடிதம் எழுதி, கொடூரக் கற்பனைகளை வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார். அவர் ஒருபோதும் கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 1993 ஆகஸ்டில் கைது. ஓராண்டுக்கு மேல் சிறை. 1994 செப்டம்பரில் நீதிபதி ஆக்னால் அந்தச் சாட்சியத்தையே தூக்கி எறிந்தார், வழக்கு விழுந்தது.

இந்த ஹாரி ஆக்னால்தான் 1981இல் சட்க்ளிஃபின் வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவராக நின்றவர். அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாக் சிறையில் இருந்த 1993 நவம்பரில், ராபர்ட் நாப்பர் என்பவன் பிளம்ஸ்டெட்டில் சமந்தா பிஸ்ஸெட்டையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான். நிக்கலைக் கொன்றவனும் அவனே. 2008இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். 1989லேயே அவன் தாய் போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், என் மகன் ஒரு பெண்ணைக் கெடுத்ததாகச் சொல்கிறான் என்று. பெற்றவள் சொன்னாள். பிறகு ஒரு பாலியல் வன்முறை வரிசையில் அவன் பெயர் வந்தபோது, தேடுகிற ஆள் இவ்வளவு உயரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஸ்டாக்குக்குக் கடைசியில் 7 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. அந்த மகளுக்கு என்ன கொடுப்பது?

14 பிப்ரவரி

இங்கே எல்லோரும் 'சைக்கோ' என்று எழுதுகிறீர்கள். நம் நாளிதழ்களும் அப்படியே போடுகின்றன. தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். இல்லாத குரல் கேட்கிறவர், இல்லாததை உண்மை என்று நம்புகிறவர், மனநோயாளி. அவருக்கு மருந்து வேண்டும். அப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதுகூட இல்லை. மனசாட்சியின் குரலே கேட்காமல், தெளிவாகத் திட்டமிட்டு, சிரித்துப் பேசிப் பழகுகிறவன் வேறு. ஒரே சொல்லால் இரண்டையும் மூடினால், சிகிச்சைக்குப் போக வேண்டியவரின் குடும்பம் வெளியே சொல்லவே அஞ்சுகிறது.

சட்க்ளிஃப் விஷயத்திலேயே இது பெரிய சண்டையானது. பிங்லி கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது கடவுளின் குரல் கேட்டதாகச் சொன்னான். மனநல மருத்துவர்கள் மனச்சிதைவு என்றார்கள். பைத்தியம் என்று நம்பவைத்துவிட்டால் பத்து ஆண்டுகளில் வெளியே வந்துவிடலாம் என்று மனைவியிடம் அவன் பேசியதைச் சிறைக்காவலர் கேட்டிருந்தார். ஜூரிகள் 10க்கு 2 என்ற கணக்கில் கொலை என்றே தீர்ப்பளித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அவன் பிராட்மூர் மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டான். எது உண்மை? குரலும் கேட்டிருக்கலாம், தந்திரமும் செய்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

14 பிப்ரவரி, இரவு

திட்டமிட்டுக் கொல்கிற ஒழுங்கானவன், திட்டமில்லாமல் கொல்கிற ஒழுங்கற்றவன் என்று எஃப்.பி.ஐ. பிரித்த இரண்டு வகைகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. சிறையில் இருந்த 36 பேரைப் பேட்டி கண்ட ஆய்விலிருந்து வந்தது அது. பிடிபட்டவர்கள், பேசச் சம்மதித்தவர்கள். பிறகு உளவியலாளர் டேவிட் கேன்டரும் மற்றவர்களும் 100 தொடர் கொலையாளிகளின் கொலைகளை எடுத்துச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். அப்படித் தெளிவாகப் பிரியும் இரண்டு கூட்டம் தென்படவில்லை.

17 பிப்ரவரி

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்வதாக யாருக்கோ வாக்களித்தேன்.

ஒரு பெண் வந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். ஜீவனாம்ச வழக்குத் தீர்ப்பின் நகல் வேண்டும் என்றாள். இளம்பெண், ஜீவனாம்சம் என்றதும் கணவன்மேல் போட்ட வழக்கு என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றிவிட்டது. அவள் பெயரில் கடைசி நான்கைந்து ஆண்டுக் கட்டுகளைத் தேடினோம். இல்லை. அடுத்த வாரம் வா என்றோம். வந்தாள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் வெயிலில் நடந்து வந்து, அதே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு கேஸே இல்லையம்மா என்று மேலாளர் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

ஐந்தாம் முறை அவள் அழுதுவிட்டாள். கையில் ஏதாவது தாள் இருக்கிறதா என்று அப்போதுதான் கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு ரசீதை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, மஞ்சளாகி, மஞ்சள்தூள் வாசனையோடு. அதில் வழக்கு எண், ஆண்டு, எல்லாம் இருந்தன. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தாய் தனக்கும் மகளுக்குமாகப் போட்ட வழக்கு. தாய் பெயரில். கால் மணி நேரத்தில் கட்டை எடுத்தேன்.

முதல் நாளே அந்த ரசீது அவளிடம் இருந்தது.

18 பிப்ரவரி

"சட்க்ளிஃபைச் சுற்றியிருந்த யாருக்குமே சந்தேகம் வரவில்லையா?"

வந்தது. நண்பன் ஒருவனுக்கு. ஜாக்குலின் ஹில் இறந்து எட்டு நாள் கழித்து, 1980 நவம்பர் 25 அன்று, பெயர் போடாமல் போலீசுக்குக் கடிதம் எழுதினான். சட்க்ளிஃபின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. மறுநாள் நிலையத்துக்கே நேரில் போய்ச் சொன்னான். நேரில் சொன்னதன் அறிக்கை எங்கே போனது என்று தெரியவில்லை. கடிதத்தின் மேல் முதல் முன்னுரிமை என்று குறித்து, அதற்கொரு அட்டையும் எழுதினார்கள். ஷெஃபீல்டில் அவன் பிடிபட்ட இரவிலும் அது தாள்தட்டில் தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது.